முப்பத்தொன்றாம் கட்டத்துப் பகா எண்

சதுரங்கப் பலகையின் கதையை அறியாதார் இலர். ஆட்டத்தை உருவாக்கி அளித்த ஸிஸா என்னும் அறிஞன், முதற்கட்டத்திற்கு ஒரு கோதுமை மணியும், இரண்டாவதற்கு இரண்டும், மூன்றாவதற்கு நான்குமாக, ஒவ்வொரு கட்டத்திற்கும் முந்தியதன் இருமடங்கைப் பரிசாக வேண்டினான். மன்னன் நகைத்து இசைந்தான். களஞ்சியத்தார் கணக்கிட்டுப் பார்த்துத் திகைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் தம் பெருநூலில் இக்கதையைப் பதிந்து வைத்துள்ளார். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அல்பிரூனீ, அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தத்தை 18446744073709551615 எனத் தம் 'அல்ஆஸாருல் பாக்கியா'வில் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

கதையை எடுத்துரைப்போர் அனைவரும் கடைசிக் கட்டத்தை நோக்கியே விரைகின்றனர். நாம் ஏறத்தாழப் பாதி வழியில், 31ஆம் கட்டத்தில் நின்று பார்ப்போம். அதுவரை குவிந்த மணிகளின் மொத்தம் 2147483647; அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இக்குவியலை ஒருவனிடமே முழுவதும் கொடுக்கலாம். அல்லது அத்தனை கோடிப் பேருக்கும் ஆளுக்கொரு மணியாகக் கொடுக்கலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எந்தத் தொகையினருக்கும் இதனை மிச்சமின்றிச் சமமாகப் பங்கிட இயலாது. 1 ஆலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத இத்தகைய எண்ணையே பகா எண் என்கிறோம்.

இச்செய்தியைச் சொல்வது எளிது. இது மெய்யென எவ்வாறு அறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஓர் எண்ணின் இயல்பைப் பற்றிய உண்மை நம் கையில் இருப்பது ஒன்று. அவ்வுண்மையைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சோதித்து முடிவு காண வல்லமை பெறுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு எத்தகையது என்பதை இந்த ஓர் எண்ணின் வரலாறே காட்டிவிடும்.

குவியலின் மொத்தம் எப்போதும் அடுத்த கட்டத்து மணிகளைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். ஆகவே 31 கட்டங்களின் மொத்தம் 2³¹ − 1. கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணாயின் மொத்தமும் பகு எண்ணே. ஆறு கட்டங்களின் மொத்தம் 63. ஆறு என்பது இரண்டின் மடங்காகவும் மூன்றின் மடங்காகவும் இருப்பதால், 63 ஆனது முதலிரு கட்டங்களின் மொத்தமாகிய 3 ஆலும், முதல் மூன்று கட்டங்களின் மொத்தமாகிய 7 ஆலும் வகுபடுகிறது. அல்பிரூனீ கண்ட இருபது இலக்கப் பேரெண்ணும் இவ்விதிக்கு விலக்கன்று. அது 3, 5, 17, 257 என்று தொடங்கிப் பல பகா எண்களின் பெருக்கமாகச் சிதறிப் போகிறது. எனவே பகா எண் வேண்டுவோர் பகா எண்ணுடைய கட்டத்திலேயே நிற்க வேண்டும். ஆயினும் அது மட்டும் போதாது. 11 பகா எண். பதினொரு கட்டங்களின் மொத்தமாகிய 2047 ஓ 23 ஐ 89 ஆல் பெருக்க வருவது. பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய ஒன்பது இடங்களில் மட்டுமே மொத்தம் பகா எண்ணாக அமைகிறது. ஏன் இவ்வொன்பது மட்டும் என்பதற்கு எளிய விதி எதுவும் இன்றுவரை கிட்டவில்லை.

பழங்காலத்தார் இவ்வெண்களை நாடியது வேறொரு தேட்டத்தினால். தன்னை நீக்கித் தன் வகுத்திகள் யாவற்றையும் கூட்டத் தானே வரும் எண்ணை அரபு நூலோர் 'அல்அதத் அத்தாம்', அதாவது நிறைவெண் என்றனர். 6 இன் வகுத்திகள் 1, 2, 3, கூட்டினால் 6. அடுத்தவை 28, 496, 8128. முதற்சில கட்டங்களின் மொத்தம் பகா எண்ணாக இருப்பின், அதனைக் கடைசிக் கட்டத்து மணிகளின் எண்ணிக்கையால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என யூக்ளிட் தம் ஒன்பதாம் நூலில் நிறுவினார். மூன்று கட்டங்களின் மொத்தம் 7, கடைசிக் கட்டத்தில் 4, ஏழுநான்கு இருபத்தெட்டு.

நிக்கோமாக்கஸ் என்னும் கிரேக்க ஆசிரியரின் எண்ணியல் நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் ஸாபித் இப்னு குர்ரா அரபியில் பெயர்த்தார். ஹர்ரானிலிருந்து பக்தாத் வந்து சேர்ந்த ஸாபியீ சமயத்தவர் இவர். ஒன்றின் வகுத்திகளைக் கூட்ட மற்றொன்று வரும் 220, 284 போன்ற நட்பெண்களைப் பகா எண்களிலிருந்து ஆக்கும் விதியைக் கண்டு, நிறுவலும் தந்தவர் இவரே. நிக்கோமாக்கஸ் நூலிலோ நிறுவல்கள் இல்லை. ஓரிலக்கத்தில் ஒரு நிறைவெண், ஈரிலக்கத்தில் ஒன்று, மூவிலக்கத்தில் ஒன்று, நாலிலக்கத்தில் ஒன்று எனக் கண்டதால், ஒவ்வோர் இலக்க வரிசைக்கும் ஒன்றே உண்டென்றும், அவை 6 இலும் 8 இலும் மாறி மாறி முடியுமென்றும் அம்மரபினர் நம்பிவிட்டனர்.

இக்கூற்றை மறுத்தவர் அபூ மன்ஸூர் அல்பக்தாதி. சமயப் பிரிவுகளைப் பற்றிய 'அல்ஃபர்க் பைனல் ஃபிரக்' நூலின் ஆசிரியராகவே நம்மவர் அவரை அறிவர். ஹிஜ்ரி 429 இல் மறைந்த அப்பெரியார் 'அத்தக்மிலா' என்னும் கணித நூலும் இயற்றியவர். பத்தாயிரத்திற்கும் இலட்சத்திற்கும் இடையே நிறைவெண் ஒன்றுகூட இல்லை என்று அதில் எழுதினார். ஐந்தாவது நிறைவெண் எட்டிலக்கம் கொண்ட 33550336. பதின்மூன்றாம் நூற்றாண்டில், 1194 முதல் 1239 வரை வாழ்ந்த இப்னு ஃபல்லூஸ், பத்து நிறைவெண்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். அவற்றுள் முதல் ஏழு சரியானவை. ஐந்தாவதும், ஆறாவதாகிய 8589869056 உம் இரண்டுமே 6 இல் முடிவதால் 'மாறி மாறி' என்ற நம்பிக்கையும் அதனோடு வீழ்ந்தது. ஏழாவது 137438691328. இவ்வேழாவதினுள் அடங்கியிருப்பது பத்தொன்பது கட்டங்களின் மொத்தமாகிய 524287 என்னும் பகா எண். ஐரோப்பாவில் இதனைப் பகா எண்ணெனக் காட்டிய இத்தாலியர் கத்தால்தி, இப்னு ஃபல்லூஸுக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு பிந்தியவர். எனினும் பட்டியலின் கடைசி மூன்று எண்கள் பிழையானவை. முன்னோரின் பெருமை பேசுகையில் ஏழைச் சொல்லி மூன்றை மறைப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் எட்டாவது நிறைவெண்ணை, அதாவது நம் 31ஆம் கட்டத்தை, எட்டுவது எத்துணை அரிதாயிருந்தது என்பது விளங்கும்.

அரிதானதன் காரணம் வெளிப்படை. ஓர் எண் பகா எண்தானா என்றறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதே பழைய வழி. 524287 க்கு 724 வரை சென்றால் போதும். நம் எண்ணுக்கு 46340 வரை செல்ல வேண்டும். அதற்குட்பட்ட பகா எண்கள் ஏறத்தாழ 4800.

வகுத்துப் பார்க்காமலேயே பகா எண்ணை அறிய வழி உண்டா? இவ்விடத்தில்தான் இப்னுல் ஹைதம் வருகிறார். பஸராவில் சுமார் 965 இல் பிறந்து கெய்ரோவில் சுமார் 1040 இல் மறைந்த அவரை ஒளியியல் மேதையாகவே உலகம் போற்றுகிறது. எண்ணியலிலும் அவருக்கு இடமுண்டு. இரட்டைப்படை நிறைவெண்கள் யாவும் யூக்ளிட் சொன்ன வடிவிலேயே அமையும் என்பதை நிறுவ முயன்ற முன்னோடி அவர். அம்முயற்சி முற்றுப்பெறவில்லை, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லரே அதனை முடித்தார். நமக்கு இங்கு வேண்டுவது வேறொரு புதிர். 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1 வரவேண்டும், 7 ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது, அவ்வெண் யாது? மிகச் சிறிய விடை 301. இப்னுல் ஹைதம் அதனையும் பெறும் வழியைக் காட்டியதோடு, மற்றொரு விடையையும் தந்தார். 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்று கூட்டினால் 721. அது 7 இன் 103 மடங்கு. இது 7 க்கு மட்டும் உரியதன்று, பகா எண் எதற்கும் உரியது என்பது அவர் கண்ட பேருண்மை. ஒரு பகா எண்ணுக்கு முந்திய எண்கள் யாவற்றையும் பெருக்கி ஒன்று கூட்டினால், அப்பகா எண்ணால் அது மீதியின்றி வகுபடும்.

காரணத்தைச் சிறிது பார்க்கலாம். 7 ஆல் வகுக்கும்போது, இரண்டையும் நான்கையும் பெருக்க வரும் 8 இன் மீதி 1. மூன்றையும் ஐந்தையும் பெருக்க வரும் 15 இன் மீதியும் 1. இவ்வாறு இடையிலுள்ள எண்கள் இணை இணையாகக் கூடி ஒன்றாகிக் கரைந்துவிட, துணையின்றி எஞ்சுவது கடைசி எண்ணாகிய 6 மட்டுமே. அதனோடு 1 சேர 7 ஆகிறது. பகா எண்ணாயின் ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தகைய இணை கட்டாயம் கிடைக்கும்.

இத்தேற்றம் இன்று பாடநூல்களில் வில்சன் தேற்றம் எனப்படுகிறது. 1770 இல் இங்கிலாந்தின் வாரிங், தம் மாணவர் ஜான் வில்சனின் பெயரால் இதனை வெளியிட்டார். நிறுவல் தர இருவராலும் இயலவில்லை. அடுத்த ஆண்டு லக்ராஞ்ச் நிறுவினார். பகு எண் எதற்கும் இப்பண்பு பொருந்தாது என்ற மறுதலையையும் சேர்த்துத் தந்தார். மறுதலையும் சேர்ந்த பின்னரே இது பகா எண்ணை அறியும் உரைகல்லாகிறது. ஆகவே கண்டவர் இப்னுல் ஹைதம், நிறுவியவர் லக்ராஞ்ச் என்பதே நேர்மையான கணக்கு. ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் பிந்தி வந்தும் நிறுவவும் இயலாத வில்சனின் பெயர் நிலைத்ததை வரலாற்றின் விந்தை என்றே கொள்ள வேண்டும்.

இவ்வுரைகல்லை நம் எண்ணில் உரசிப் பார்ப்போம். 1 முதல் 2147483646 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. ஒவ்வொரு பெருக்கலுக்கும் பின் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால் எண் பெருகாது. ஆயினும் பெருக்கல்களின் எண்ணிக்கை குறையாது. நொடிக்கொன்றாக, உண்ணாமல் உறங்காமல் செய்தாலும் முடிக்க அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகும். 4800 வகுத்தல்களோ ஒரு சில வாரங்களின் வேலை. எழிலில் குறையற்ற ஓர் உண்மை, பயனில் பழைய வழியிடம் தோற்றுப் போகிறது.

ஆகவே வகுத்தலுக்கே திரும்பினர். ஆனால் எவற்றால் வகுப்பது என்பதில் அறிவைச் செலுத்தினர். 1603 இல் வெளியான தம் நூலில் கத்தால்தி, 17, 19 ஆகிய கட்டங்களை முறையாக வகுத்துச் சோதித்தார். 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண் தருவன என அறிவித்தும்விட்டார். 1640 இல் ஃபெர்மா, 23ஆம் கட்டத்து மொத்தத்தை 47 உம், 37ஆம் கட்டத்ததை 223 உம் வகுப்பதைக் காட்டினார். 29ஆம் கட்டத்ததை 233 வகுக்கிறது என்பதைப் பின்னர் ஆய்லர் கண்டார். எஞ்சியது 31 மட்டும்.

ஃபெர்மாவின் வழி இங்கே கவனத்திற்குரியது. 2 இன் அடுக்குகளை 23 ஆல் வகுத்து மீதிகளை எழுதினால் 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1 என வந்து மீண்டும் 2 இல் தொடங்கும். இச்சுழலின் நீளம் 11. சுழியம் நீங்கலாக 23 க்குரிய மீதிகள் 22. அவை பதினொன்று பதினொன்றாக இரு சுழல்களில் அடங்கிவிடுகின்றன. பதினொரு கட்டங்களின் மொத்தத்தை 23 வகுப்பதன் உட்பொருள் இதுவே. இதே நியாயத்தால், 31 கட்டங்களின் மொத்தத்தை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருப்பின், அதற்குரிய சுழலின் நீளம் 31 ஆகவே இருக்கும். அப்பகா எண்ணிலிருந்து 1 ஐக் கழிக்க வருவது 31 இன் மடங்காக இருந்தாக வேண்டும். இரட்டைப்படை எண்ணும் ஆகையால் 62 இன் மடங்காகவே இருக்கும். ஆய்லர் இதனோடு மற்றொரு கட்டுப்பாட்டைச் சேர்த்தார்: அத்தகைய பகா எண்ணை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான். இதன் காரணம் சற்று நுட்பமானது, இங்கு விரிக்கவில்லை. இரண்டையும் இணைத்தால், 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களைத் தவிர வேறெவற்றையும் தொடவே வேண்டியதில்லை. 46340 வரை அத்தகைய எண்கள் 373 மட்டுமே சோதனைக்குரியன; அவற்றுள்ளும் பகா எண்களாக இருப்பவை நூற்றுக்கும் குறைவு. பார்வையை ஏறத்தாழ முற்றும் இழந்த நிலையில் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆய்லர், பெர்னூலிக்கு எழுதி 1772 ஆம் ஆண்டுக் கழக ஏட்டில் இடம்பெற்ற கடிதத்தில், இவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை, 2147483647 பகா எண்ணே எனத் தெரிவித்தார். எட்டாவது நிறைவெண்ணாகிய 2305843008139952128 அவ்வாறு பிறந்தது.

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியதாக இருந்தது. பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயர் 1811 இல், இந்நிறைவெண்ணை விஞ்சிய ஒன்றை எவரும் ஒருபோதும் காணப் போவதில்லை, பயனற்ற வேடிக்கைக்காக யார் அத்துணை பாடுபடுவர் என்ற பொருள்பட எழுதினார். அவர் நூல் வெளியாகி அறுபத்தைந்து ஆண்டுகளில், 1876 இல், பிரான்சின் எதுவார் லூக்கா 2¹²⁷ − 1 என்னும் 39 இலக்க எண்ணைப் பகா எண்ணெனக் காட்டினார். அத்துணைப் பெரிய எண்ணை வகுத்துச் சோதிக்க எவர் ஆயுளும் போதாது. லூக்கா வகுக்கவில்லை.

1930 வாக்கில் லெஹ்மர் செம்மைப்படுத்திய வடிவில் அவர் முறை இது: 4 இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 ஐக் கழிக்க வேண்டும், வருவதைச் சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைய இத்தனை முறை செய்தபின் மீதி சுழியமானால் அது பகா எண், இன்றேல் பகு எண். ஐந்தாம் கட்டத்து மொத்தமாகிய 31 ஐச் சோதிப்போம். 4, பிறகு 14, பிறகு 194, அதாவது 31 ஆல் வகுத்த மீதி 8, பிறகு 62, மீதி சுழியம். மூன்றே படிகள். 2047 க்கு ஒன்பது படிகளின் முடிவில் 1736 எஞ்சுகிறது. ஆகவே பகு எண். நம் 2147483647 க்கு இருபத்தொன்பது படிகள் போதும். தாளும் பொறுமையும் உள்ள மாணவர் ஒருவர் ஒரே நாளில் முடித்துவிடலாம். இப்னுல் ஹைதமின் உரைகல் கேட்ட இருநூற்றுப் பதினான்கு கோடிப் பெருக்கல்களை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. ஆனால் முன்னது எல்லாப் பகா எண்களுக்கும் பொது. பின்னது இவ்வொரு குடும்பத்திற்கு மட்டும் உரியது. எல்லா எண்களுக்கும் பொருந்தி, ஐயத்திற்கு இடமின்றி, இலக்கங்கள் பெருகினாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாத முறையொன்றை, 2002 இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் தந்தனர்.

லூக்காவின் முறைக்கு ஒரு விசித்திரம் உண்டு. பகு எண் என்று தீர்ப்பளிக்கும். எதனால் வகுபடும் என்று சொல்லாது. 2⁶⁷ − 1 பகா எண்ணென மெர்சென் என்னும் துறவி 1644 இல் எழுதி வைத்திருந்தார். அல்ல என்று லூக்கா 1876 இல் காட்டினார். ஆயினும் அதன் காரணிகளை எவரும் அறியவில்லை. 1903 இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்பார் எழுந்து, 193707721 ஐ 761838257287 ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார், விடை 147573952589676412927. ஒரு சொல்லும் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார் என்பர். குற்றம் நிகழ்ந்தது உறுதி, குற்றவாளி யார் என்பது மட்டும் தெரியாது என்ற நிலை இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

பார்லோ பயனற்றதென்று ஒதுக்கிய எண் இன்று நம் வீடுகளிலேயே குடியிருக்கிறது. கணினியின் இரும எண்முறையில் அது தொடர்ச்சியாக எழுதிய முப்பத்தொரு ஒன்றுகள். முப்பத்திரண்டு துணுக்குகளில் ஓர் எண்ணைப் பதியும்போது ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால், பதியக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே. பல கணினி அமைப்புகள் 1970 சனவரி முதல் நாளிலிருந்து கழிந்த நொடிகளை இவ்வாறே எண்ணி வந்தன. அவ்வெண்ணிக்கை 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, 2147483647 ஐத் தொடும். அடுத்த நொடியில், மாற்றப்படாத கருவிகளில் நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் பின்வாங்கிவிடும். முன்னர் சொன்ன அறுபத்தெட்டு ஆண்டுகளே இவை. புதிய அமைப்புகள் அறுபத்து நான்கு துணுக்குகளுக்கு மாறிவிட்டன. பழைய கருவிகளுள் பதிந்துபோனவையே கவலைக்குரியன.

இப்பயன் இதன் உருவத்தால் வந்தது. பகாத்தன்மையால் வந்த பயனும் ஒன்றுண்டு. கணினியில் குலுக்கல்போல் எண்களைப் பிறப்பிக்க, ஏதேனும் ஓர் எண்ணை எடுத்து 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் முறையொன்று நெடுங்காலம் வழங்கியது. 16807 என்பது 7 இன் ஐந்தாம் அடுக்கு. இதன் சுழலில் 1 முதல் 2147483646 வரையுள்ள எண்கள் யாவும் ஒன்று தவறாமல் ஒருமுறை வந்த பின்னரே முதல் எண் திரும்ப வருகிறது. பகு எண்ணால் வகுத்தால் இவ்வாறு ஒன்றும் விடாமல் சுற்றிவர இயலாது. இரகசியம் காக்க இம்முறை ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடரின் ஓர் எண்ணை அறிந்தவருக்கு எஞ்சிய அனைத்தும் வெட்ட வெளிச்சம்.

லூக்காவின் முறையே இன்றும் இக்குடும்பத்தின் அளவுகோல். 1996 முதல் உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளைப் பிணைத்து நடைபெற்றுவரும் தேட்டத்தின் பயனாக, 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் பகா எண் அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கங்கள் 41024320. இக்குடும்பத்தில் கண்டறியப்பட்ட ஐம்பத்திரண்டாவது எண் அது. இக்குடும்பம் முடிவற்றதா என்பது நிறுவப்படவில்லை. ஒற்றைப்படை நிறைவெண் ஒன்றேனும் உண்டா என்பதும் அவ்வாறே.

கட்டங்களின் எண்ணிக்கையே இக்குடும்பத்துப் பகா எண்ணாக இருப்பின், மொத்தமும் பகா எண்ணாகுமோ என ஒரு காலத்தில் ஐயுற்றனர். 3 கட்டங்களுக்கு 7. 7 கட்டங்களுக்கு 127. 31 கட்டங்களுக்கு நம் எண். 127 கட்டங்களுக்கு லூக்கா கண்டது. நான்கும் பகா எண்களே. ஆனால் 8191 கட்டங்கள் கொண்ட பலகையின் மொத்தம் பகு எண்ணாகிப் போனது. இனி 2147483647 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையைக் கற்பனை செய்க. அதன் மணிகளின் மொத்தத்தை எழுதவே அறுபத்து நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். ஆயினும் அதுவும் பகு எண் என்பதைக் காட்ட அவ்வெண்ணை எழுதிப் பார்க்க வேண்டிய தேவையில்லை. ஃபெர்மா கற்பித்தபடி, 2147483647 இன் இருமடங்கை எடுத்து, அதன் மடங்குகளோடு ஒன்று கூட்டித் தேடிச் சென்றவர்களுக்கு 68745ஆம் மடங்கில் விடை கிடைத்தது: 295257526626031.